பிரிண்டரின் பெயர் கொண்ட நஞ்சப்பன்

1987இல் காரிமங்கலம் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் புஷ்பமேரிதான். சேலத்தில் ஆறு மாதம் படித்தவள். காய் தரும் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு ஃபைல் வைத்தாள். எத்தனை மரம், என்றைக்கு லாரி அனுப்பவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது என்று மெஷின் அடம்பிடித்ததால் இனிஷியலையே பெயராக்கினாள்.

பெரியாம்பட்டி பி.ஆர். நஞ்சப்பன் வந்து உட்காரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பி.ஆர்.என். என்ற பெயரில் அவர் விவரத்தை அடித்து, பதியச்சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்ததும் பிரிண்டர் கிர்ரென்று கத்தி, அவருடைய எண்பது மரத்தையும் காகிதத்தில் தள்ளியது. டிஸ்கில் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள்; மறுபடியும் காகிதம்.

நஞ்சப்பன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “மிசினுக்கு ஆளைத் தெரியுது பாரு கண்ணு.”

வாரச்சந்தையில் காகிதம் கைமாறியது. அடுத்த நாளே பதினோரு பேர் மேனேஜர் வெங்கடாசலத்தின் முன் நின்றார்கள்.

“எங்க காயி என்ன புளிக்குதுங்களா? அவருக்கு மட்டும் மிசினு சத்தம் போடுதே!” அவர்களில் சென்றாயன் என்பவர் தன்னையும் பி.ஆர்.என். என்றே பதியச் சொன்னார்.

மெஷினோடு வந்த தடிப்புத்தகத்தை மூன்று நாள் புரட்டிப் புஷ்பமேரி காரணத்தைக் கண்டுபிடித்தாள். பி.ஆர்.என். என்பது பிரிண்டருக்கு மெஷின் வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயரில் எதை எழுதினாலும் பிரிண்டருக்கே போகும்.

“அப்ப பிரிண்டருக்கு வேற பேர் வெச்சிரும்மா,” என்றார் வெங்கடாசலம்.

“முடியாதுங்க சார். நஞ்சப்பன்தான் மாத்திக்கணும்.”

கேட்டார்கள். “எங்கப்பன் ரங்கப்பன் பேரை எடுத்து ஒரு டப்பாவுக்குக் குடுக்கறதா?” என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவருக்குத் தெரியாமல் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஓர் ‘எம்’ சேர்த்தாள். ஃபைல் பதிந்தது, பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. நஞ்சப்பன் மறுநாள் வந்து, மத்தியானம்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “எம்மேல எதாச்சும் கோவமா கண்ணு?” வேறு வழியில்லாமல், யார் விவரத்தைப் பதிந்தாலும் ஒரு காகிதம் அடிக்கும்படி மெஷினுக்கு இரண்டு வரிக் கட்டளை எழுதினாள். பதினோரு பேரும் சமாதானமானார்கள்.

பழைய ஃபைல்களுக்குப் புதுப்பெயர் வைத்து முடித்து எண்ணிப் பார்த்தபோது ஓர் ஆள் குறைந்தது. நவலை என்.யு. லூர்துசாமி. புத்தகத்தில் அதே பக்கத்தில், நான்கு வரி கீழே இருந்தது: என்.யு.எல். என்பதும் மெஷினுடைய பெயர்தான். அதில் எழுதுவதெல்லாம் எங்கும் போகாமல் மறைந்துவிடும். தப்பு என்றுகூட மெஷின் சொல்லாது. அவர் மூன்று முறை வந்திருந்தார். மூன்று முறையும் “பதிஞ்சாச்சுங்க” என்று அனுப்பியிருந்தாள்.

நவலைக்குக் கம்பைநல்லூர் பஸ் பிடித்து ஓடினாள். தோப்பில் பெங்களூரா மாங்காயெல்லாம் பழுத்து உதிர்ந்து கிடந்தது. ஆடுகள் தின்றுகொண்டிருந்தன.

“ஏங்க மறுபடி வந்து கேக்கல?”

“பதிஞ்சாச்சுன்னீங்களேம்மா. மிசினுக்கு என்ன சோலியோன்னு வுட்டுட்டேன்.”

“உங்க பேர்ல என்ன எழுதினாலும் ஒண்ணுமில்லாமப் போயிருதுங்க அண்ணா.”

லூர்துசாமி ஆச்சரியப்படவில்லை. “ரேசன் கார்டுக்கும் அப்படித்தாம்மா ஆச்சு,” என்றார்.

புஷ்பமேரி அவர் விவரத்தைப் பேனாவால் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை டிரைவர் பக்கத்தில் அவளே உட்கார்ந்து லாரியைத் தோப்புக்குக் கூட்டிவந்தாள்.