தொங்கவிட்ட நூல்

அவருக்குத் தெருவில் வைத்த பெயர் டமாரம். பாத்திரத் தொழிற்சாலையில், தகட்டை அமுக்கிக் கிண்ணமாக்கும் பிரஸ் மெஷின் முன்னால் ஆயுசில் பாதியைக் கழித்தவர். காது பாதிக்கு மேல் போய்விட்டது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஊரில் எல்லோரும் வரவர வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்பது அவர் கட்சி. தன் காதுக்குக் கேட்கிற மாதிரி அவரும் பேசுவார். அவர் மனைவியிடம் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் இருந்து பதில் வரும்.

ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு கிட் கார் வாங்கினார். கார் என்றால் முழுதாக வராது. பெட்டி பெட்டியாக உதிரிகள் வந்து இறங்கும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டே சீட்டு, நீளமான மூக்கு, மேலே கூரை கிடையாது. வேலை அவருடையது என்று பேரே தவிர, எந்த நட்டு எந்த டப்பாவில் கிடக்கிறது என்று மனைவிக்குத்தான் தெரியும். அவர் ஸ்பேனரைத் தேடி வீட்டையே தலைகீழாக்கும்போது, அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பாள். கார் ஓடத் தொடங்கிய பிறகு சாயங்காலம் ஆனால் ஏரிக்கரைச் சாலைதான். அவள் தலைமுடி பறக்க உட்கார்ந்து வருவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவர்களுடைய கொண்டாட்டம்.

பிறகு அவளுக்கு முகத்து நரம்பில் வலி வந்தது. இடது கன்னத்தில் லேசாகக் காற்றுப் பட்டால் போதும், கரண்ட் அடித்தது போல வெட்டும். வாயை அகலத் திறந்து பேச முடியாது. மாத்திரை பாதி வலியைத்தான் பார்த்துக்கொண்டது. வீட்டில் ஃபேன் நின்றது, ஜன்னல்கள் சாத்தப்பட்டன, கார் ஷெட்டில் தூசி படிந்தது.

அவள் தம்பி ஒரு நாள் வந்து சொன்னான். "எதுக்கு மாமா வீட்டுக்குள்ளயே போட்டு வச்சிருக்கீங்க? என் கார்ல கண்ணாடிய ஏத்திட்டு நான் அக்காவ அழச்சிட்டுப் போறேன்."

"உன் கார்ல நான் எடுத்துக் குடுத்த போல்ட் ஒண்ணாவது இருக்காடா?" என்றாள் அவள், உதட்டை அசைக்காமலே.

டமாரத்துக்கு அது காதில் விழவில்லை. ஆனால் அவள் ஷெட் பக்கம் பார்த்த பார்வை கண்ணில் விழுந்தது. மறுநாளே கூரை வேலையில் இறங்கிவிட்டார்.

மரச்சட்டத்தில் கூடு கட்டி, அதன்மேல் ஃபோம் துண்டுகளை ஒட்டி, செதுக்கி, மெழுகு தடவி, அதற்குமேல் ஃபைபர் துணியை ரெசின் பசையில் ஊறவைத்துப் படியவைத்தார். கொப்புளம் வந்த இடத்தையெல்லாம் பிய்த்துவிட்டு மறுபடி போட்டார். கூட்டைக் கழற்றி எடுத்தபோது கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மனுஷன் வாய்க்கு வந்தபடி அதைத் திட்டியதில் தெருவே வாசலுக்கு வந்தது. விடவில்லை. சாணை பிடித்துச் சரிக்கட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்தார். இண்டு இடுக்கு வழியாகக் காற்று வந்துவிடக் கூடாதென்று, ஓட்டை ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவிலிருந்து ரப்பரை உரித்து வந்து சுற்றிலும் பதித்தார்.

கடைசியில் பரீட்சை. அவள் கன்னம் வரும் உயரத்தில் கூரையிலிருந்து ஒரு வெள்ளை நூலைத் தொங்கவிட்டுத் தனியாக ஓட்டிப் போனார். வேகத்தைக் கூட்டினார். நூல் பறக்கவே இல்லை. மெல்ல நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் செய்தார். காற்றென்றால் நூல் பறக்கும், நடுங்காது என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே அவளை உட்கார்த்தினார். அவள் உள்பக்கம் தடவிப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள்.

தெருமுனை தாண்டியதும் அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல?" என்று கத்தினார். மறுபடியும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அவள் கை வந்து அவர் முழங்கையைப் பற்றியது. எத்தனை மாதம் கழித்து வெளியே வருகிறாள், சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தார். அவருக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஏரிக்கரை ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தார். அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். ஒரு கை அவர் முழங்கையில். இன்னொரு கை கன்னத்தைத் தொடவும் பயந்து பக்கத்தில் நின்றது. கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் மறுநாள் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு உடனே இறங்கினான். "மாமா, தகர டிரம்முக்குள்ள தலைய விட்டு வெளிய இருந்து அடிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

"அதிருது பாருங்க, அது பல்லு வழியா கன்னத்துக்கு ஏறுதுங்க" என்றாள் அவள் நிதானமாக. குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதுதான் அவரை அறுத்தது.

கூரையின் உள்ளே கம்பளித் துண்டு ஒட்டினார். போல்ட்டுகளுக்கு அடியில் ரப்பர் வைத்தார். ஸ்பாஞ்ச் அடைத்தார். ஒவ்வொரு தடவையும் மச்சினனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் முகத்தையே பார்த்தார். "கொஞ்சம் பரவால்ல மாமா" என்பான் அவன். எவ்வளவு கொஞ்சம்? அவன் கன்னத்தில் அந்த வலியா இருக்கிறது? தன் காதை நம்பிப் பிரயோசனமில்லை. சரியாகிவிட்டதா என்று சொல்லக்கூடிய முகம் ஒன்றே ஒன்றுதான், அதைக் கொண்டுபோய் அந்த டிரம்முக்குள் வைக்க அவருக்குக் கை வரவில்லை. கூரையைக் கழற்றினால் காற்று, மாட்டினால் அதிர்வு. மனுஷன் ஷெட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தெருவில் அவர் சத்தமே கேட்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரி வந்து விசாரித்துப் போனாள்.

ஒரு நாள் மத்தியானம் அவளாகவே ஷெட்டுக்கு வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நூல் இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவருக்குக் கொஞ்சமாவது கேட்கிற காதுப் பக்கமாகச் சாய்ந்து சொன்னாள். "ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு தடவ பாத்துடலாம்."

"வேணாம்மா."

"வலிச்சா உங்க கையப் பிடிக்கிறேன். நிறுத்திடுங்க."

"அன்னிக்கும் கையத்தான் பிடிச்ச" என்றார் அவர்.

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "என்ன சொன்னீங்க?" என்றாள்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல் தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.