பட்டியலில் இல்லாத பேர்

எய்தபினா அக்கா பெரிய வாயாடி. பசிபிக் கடலில் கிடக்கும் எங்கள் நவூரு தீவைச் சுற்றி நடக்க அரை நாள் போதும். அந்த அரை நாளுக்குள் இந்தக் கோடியில் நடந்ததை அந்தக் கோடியில் சொல்லிச் சிரித்துவிட்டு வீடு திரும்பிவிடுவாள். என் பெரியம்மா மகள்தான். அவளைக் கட்டிக்கொண்டவன் பேர் தெபாவோ. கேட்டால்தான் வாயைத் திறப்பான். "நான் பேசி மிச்சம் ஏதாவது இருந்தா அவரு பேசுவாரு, பாவம்" என்பாள்.

உலகச் சண்டை நடந்த நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். அதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிப் போய்விட்டிருந்தார்கள். எங்களை ஏற்றிக்கொள்ள இடம் இல்லையாம். நாய்க்குட்டிக்கு இடம் இருந்தது, நான் பார்த்தேன்.

அந்த வருஷம் தெபாவோவின் முதுகில் தேமல் வெளுத்தது. தொட்டால் உணர்ச்சி இல்லை. பெருநோய் எங்களுக்குப் புதிதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு ஒருத்தருக்கு வந்தது. வாராவாரம் வரிசையில் நின்று பேர் கொடுத்து, எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டு பாதிப் பேர் தேறினார்கள். பேர் கொடுத்தால் மருந்து என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. ஆனால் ஜப்பான்காரன் வந்ததும் நோயாளிகள் முகாமைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக் காவல் வைத்தான். ஊசியும் நின்றுபோனது. அக்கா புருஷனைக் கொண்டுபோய், பாஸ்பேட் வெட்டி எடுத்த மேட்டில் பல்லு பல்லாய் நிற்கும் பாறைகளுக்கு நடுவே ஒரு பொந்தில் ஒளித்து வைத்தாள். கேட்டவர்களிடம், மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை என்றாள். அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் உண்மை தெரியும்.

அவனுக்குச் சோறு போட நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. எங்கள் மலத்தையே பீப்பாய்களில் நிரப்பி அதில் பூசணி போட வைத்தார்கள். காய் அவர்களுக்கு, நாற்றம் எங்களுக்கு. ஒரு துண்டு திருடியவளுக்கு முப்பது அடி. தென்னங்கள்ளும் எப்போதாவது ஒரு பறவையும்தான் தெபாவோவை உயிரோடு வைத்திருந்தன.

ஜப்பான்காரன் எங்களை வைத்துப் போட்ட ஓடுபாதையில் அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போட்ட அன்று அக்கா பூரித்துப்போனாள். "வந்துட்டானுங்கடி, இன்னும் பத்து நாள்தான்." வந்தார்கள், போட்டார்கள், போய்விட்டார்கள். நாங்கள் இங்கேயேதான் இருந்தோம். அந்தப் பள்ளங்களை மூட எங்களைத்தான் பிரம்பால் அடித்து இறக்கினார்கள். அடுத்த மாதம் மறுபடி வந்து போட்டார்கள்.

நாற்பத்து மூன்றில் எங்களையெல்லாம் வடக்கே தொலைவில் அவர்கள் பிடியிலிருந்த துருக் தீவுக்கு வேலைக்கு அனுப்புவதாக அறிவித்தார்கள். பாதிப் பேர் முதல் கப்பலில் போயாயிற்று. நாங்கள் அடுத்த கப்பல். தெபாவோவின் கால் அழுகத் தொடங்கியிருந்தது. பொந்தில் தனியே விட்டுப் போனால் பத்து நாள் தாங்கமாட்டான். அக்கா சாப்பிடாமல் கிடந்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. முகாமில் இருக்கும் நோயாளிகளையெல்லாம் வேறொரு தீவுக்குக் கொண்டுபோகிறார்களாம். அங்கே ஆசுபத்திரி உண்டாம்.

"அவரையும் ஏத்திவிட்டுடலாம்டி" என்றாள் அக்கா.

"பட்டியல்ல பேரு இல்லையேக்கா."

"பேரு குடுத்தா எழுதிக்கிட்டுப் போறான். எப்பவும் குடுக்கிறதுதானே."

தெபாவோ கேட்டுக்கொண்டிருந்தான். "நான் இங்கேயே இருக்கேனே" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா தோளைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன். பட்டப்பகலில், ஊரார் எல்லாரும் ஓடுபாதை வேலையில் இருந்த நேரத்தில், பாறை பாறையாக இறங்கிப் படகுத்துறைக்குப் போனோம். நோயாளிகள் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார்கள். துறையில் பட்டியலோடு நின்றவன் இனாபா என்ற ஜப்பான்காரத் துபாசி. எங்கள் பேச்சைக் கொஞ்சம் கற்றிருந்தான். தெபாவோவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவன் பேர் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போ."

"எழுதிக்கய்யா. இன்னும் ஒருத்தர்தானே."

"பேர் இல்லை. நல்லது அது. போ, சீக்கிரம் போ."

லஞ்சம் கேட்கிறான் என்று நினைத்தாள் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். காதில் கிடந்ததைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். கீழே போட்டான். காலில் விழுந்தாள். அவள் தலைக்கு மேலே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, போ" என்றான். அதற்குள் ஒரு சிப்பாய் வந்து என்ன சத்தம் என்று கேட்டான். இனாபா ஏதோ சொன்னான். சிப்பாய் சிரித்தான், தெபாவோவின் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் தள்ளினான். இனாபா எங்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

"பார்த்தியா, கடைசியில வழிக்கு வந்துட்டானுங்க" என்றாள் அக்கா. அன்று பல நாளைக்குப் பிறகு சாப்பிட்டாள்.

துருக்கில் இரண்டரை வருஷம். போனவர்களில் மூன்றில் ஒருவர் அங்கேயே செத்தார்கள். அக்கா சாகவில்லை. வேறு தீவிலிருந்து யார் வந்தாலும் ஓடிப்போய், உங்கள் ஊரில் பெருநோய் ஆசுபத்திரி இருக்கிறதா, உயரமான ஒருத்தர், பேசவே மாட்டார், பார்த்தீர்களா என்று கேட்பாள். பார்த்ததில்லை என்பார்கள். வேறு தீவாக இருக்கும் என்று திரும்பி வருவாள்.

நாற்பத்தாறு ஜனவரியில் ஊர் திரும்பினோம். இங்கேயே விட்டுவைக்கப்பட்டிருந்த சீனக் கூலி ஆ கியுங் கரையில் நின்றிருந்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சொன்னார். படகைக் கப்பலில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பாறைத்திட்டுக்கு வெளியே கயிற்றை அறுத்துவிட்டார்கள். கப்பலில் இருந்த பீரங்கியால் சுட்டார்கள். மேட்டில் நின்று பார்த்தாராம். ரொம்ப நேரம் சுட்டார்கள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களுக்காக ஜெபம். பாதிரியார் முகாமின் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரிசையில் அழுகை எழுந்தது. வாசித்து முடித்து, விட்டுப்போன பேர் உண்டா என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் புருஷன் கடலில் போய்விட்டான் என்றுதானே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"தெபாவோ. என் வீட்டுக்காரரு. அவரு பேரு பட்டியல்ல இல்ல. நான்தான் கொண்டுபோய் ஏத்திவிட்டேன்."

பாதிரியார் பென்சிலை எடுத்துக் கடைசியில் எழுதிக்கொண்டார். அக்கா உட்காராமல் அப்படியே நின்றாள். அவனுடைய காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனவள் நான். பக்கத்தில்தான் இருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை.