கண்ணைப் பற்றி நான் சொன்னது

தூத்துக்குடியில் பச்சிளங்குழந்தை வார்டில் நான் நர்ஸ். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களைத் தேற்றுவதில் கெட்டிக்காரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பெண்பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தவள். மூன்று வாரம் ஆக்ஸிஜனில் இருந்து, பால் குடிக்கப் பழகி, ஒருவழியாக வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. தகப்பன் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். சரக்கோடு வெளியூர் போயிருந்தார். தாய் குலசேகரன்பட்டினத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

குறைமாதப் பிள்ளைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் டாக்டர் மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும். புதன்கிழமை கூட்டிவர வேண்டும் என்று சீட்டில் நான்தான் எழுதினேன். அதோடு விட்டேனா?

“ஏளா, உன் மவ கண்ணப் பாரேன், கருவண்டு கணக்கா. எப்படி முழிச்சு முழிச்சுப் பாக்கா. இவளுக்கு ஒரு குறையும் வராது” என்றேன்.

அவள் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தாள். புதன்கிழமை வரவில்லை. போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி.

நாலாம் மாதம் புருஷனோடு வந்தாள். பிள்ளை முகம் பார்ப்பதில்லை, சத்தம் வந்த பக்கம் மட்டும் திரும்புகிறாள். வராந்தாவில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “கண்ணு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னீங்கல்லா சிஸ்டர், அதான் புதங்கிழமை வரல.” குரலில் குற்றச்சாட்டு இல்லை.

கண் டாக்டர் பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். “அப்பவே வந்திருந்தா லேசர் வச்சுக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப ரெண்டு கண்ணுலயும் விழித்திரை பிரிஞ்சு போச்சு.”

புருஷன் அந்தச் சீட்டைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “புதங்கிழமைன்னு எழுதியிருக்குல்லா. ஏன் கூட்டிட்டு வரல?”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். என் பெயர் வரப்போகிறது என்று நின்றேன்.

“நாந்தான் மறந்துட்டேன்.”

“பெத்தவ மறப்பாளா?” என்று கத்தினார்.

அவள் மறக்கவில்லை, என் பேச்சை நம்பினாள் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி ஃபைலுக்குள் வைத்தேன். அந்த வீட்டில் இன்றுவரை, தாய் மறந்ததால்தான் பிள்ளைக்குப் பார்வை போனது.