பிரம்பு நாற்காலிக்கு முன்னால் ஒரு குதிரை

மாலை ஐந்தேகாலுக்கு கெர்ட்ரூட் காலி நாற்காலியை நோக்கிக் குதிரையைச் செலுத்துகிறார். திடலில் கோடு எதுவும் போடவில்லை. ஆனாலும் நூல் பிடித்ததுபோல் நேராக வருகிறார். நாற்காலிக்குப் பத்தடி முன்னால் குதிரை நான்கு கால்களையும் மேசைக்கால் மாதிரி ஊன்றி நிற்கிறது. கெர்ட்ரூட் நாற்காலியைப் பார்க்கிறார். நாற்காலியும் அவரைப் பார்க்கிறது. ஒரு மூச்சு நேரம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இடப்பக்கம் திரும்பிப் போய்விடுகிறார்.

இதைப் பற்றி ஈப்போ பக்கம் செமோர் வட்டாரத்தில் உலவும் செய்தி வருமாறு: ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய கடைசித் துரை சீமையில் செத்துப்போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து, தன் பழைய நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருக்கிறார். கெர்ட்ரூட் போய் அவருக்கு முன்னால் நின்று, வேண்டுமென்றே சலாம் போடாமல் வருகிறார்.

"துரை ஒக்காந்திருக்காரு. இந்தப் பிள்ள நேரா போயி முன்னுக்கு நிக்கும். மொறச்சுப் பாக்கும். சலாம் போடாது. திரும்பி வந்துரும்" என்கிறார் திடலோரம் ஒட்டுக்கடை வைத்திருக்கும் இருளாயி. "எங்க காலத்துல எவளுக்கு இருந்துச்சு அந்தத் தைரியம், சொல்லுங்க? நாற்காலி கிரீச்சுனு கத்துனதை நானே கேட்டேன்லா."

ஆவிகளுக்கு விசா தேவையில்லை என்பதால் செய்தியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியவில்லை. முதலில் நாற்காலி சோதிக்கப்பட்டது. துரை மாளிகையிலிருந்து வந்தது என்பது வரைக்கும் இருளாயி சொன்னது மெய். மற்றபடி கிடைத்தவை ஒரு கோழி இறகும், பிரம்பு இடுக்கில் நிரந்தரவாசம் பெற்ற எறும்புக் கூட்டமும்தான். அடுத்து கெர்ட்ரூட்டிடமே கேட்கப்பட்டது.

"துரையா? அதுல யாரும் இல்லலா" என்றார் அவர். "யாரும் இல்லங்கிறதுதான் பிரச்சன."

கெர்ட்ரூட்டுக்கு முப்பது வயது. முதுகு மட்டும் எப்போதும் பதினெட்டு. கோயிலில், பேருந்தில், பிணம் கிடக்கும் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சாய்மானத்தைத் தொடுவதில்லை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் அப்பா சவரிநாதனோடு குடியிருக்கிறார். காலையில் அங்கேயே ஒரு பல் மருத்துவருக்கு உதவியாளர். மதியத்துக்குமேல் ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளில் செமோருக்குப் பயணம். அந்தக் கப்சாயையும் அவர் ஓட்டுவதில்லை, சவாரி செய்கிறார். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், குதிகால் தாழ்ந்திருக்கும். நிற்க வேண்டுமென்றால் இடுப்பைக் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தால் போதும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. ஹோண்டா நிறுவனம் அந்த வசதியைச் செய்து தராததால், சந்தைச் சாலையில் இரண்டு முறை மீன் வண்டிக்குள் போயிருக்கிறார்.

பல் பிடுங்க வந்தவர்கள் நடுங்கினால் "ப்ராஃப்... ப்ராஃப்..." என்று சொல்லிக் கழுத்தில் தட்டிக் கொடுக்கிறார். ஜெர்மன் மொழியில் "சமத்து" என்று அர்த்தமாம். காட்டுமரம் ஏற்றும் பாலாக் லாரி ஓட்டும் ஒரு முரட்டு ஆசாமி அந்தத் தட்டலில் அடங்கி, மருத்துவர் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டியதாகக் கேள்வி. இது விசாரிக்கப்படவில்லை. உண்மையாகவே இருக்கட்டும்.

சவரிநாதன் பிறந்தது செமோரின் இதே தோட்டத்தில். பால்மரத்துக்குப் பயந்து ஈப்போவுக்கு ஓடிப்போய், பந்தயத் திடலில் முப்பது வருஷம் குதிரைக்காரராக இருந்தவர். குதிரையைக் குளிப்பாட்டலாம், நடத்திக் கூட்டிப் போகலாம், அதன் காலடியில் படுத்துத் தூங்கலாம். மேலே ஏற மட்டும் கூடாது. மகளாவது வேறு வாசனையோடு வாழட்டும் என்று, 1974இல் கன்னியர் மடத்து உதவியோடு அவரைத் தாதிப் படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார். "நான் குதிரச் சாணி அள்ளுனது போதும். நீ வெள்ளச் சட்ட போட்டுக்க" என்று வழியனுப்பினார்.

படிக்கப் போன மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு குதிரை லாயம் இருந்தது. மூன்றாவது மாதம் கெர்ட்ரூட் வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டினார். ஆகவே அவர் அள்ளியதும் சாணிதான். ஈப்போவில் அள்ளினால் அதற்குப் பெயர் கூலி வேலை, ஜெர்மனியில் அள்ளினால் பயிற்சி. ஒருநாள் குதிரையின் பிடரிமயிரைப் பின்னச் சொன்னார்கள். ஆறு வயதிலிருந்து தன் தலையைத் தானே பின்னிக்கொண்ட பெண்ணுக்கு அது ஒரு வேலையா? பின்னி முடித்த பிடரியைப் பார்க்கப் பக்கத்து லாயத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கெர்ட்ரூட் அங்கேயே பேரம் பேசிவிட்டார்: ஒரு பிடரிக்கு அரைமணி நேரப் பாடம்.

பாடம் என்றால், முதல் ஆறு மாதம் அங்கவடி இல்லாத சேணத்தில் உட்கார வைத்து, குதிரையை நீளக்கயிற்றில் பிடித்து வட்டமாகச் சுற்ற விடுவது. தொடைத் தோல் உரிந்து, புதுத்தோல் வளர்ந்து, அதுவும் உரியும். லாயத்து எசமானி அம்மாள் நடுவில் நின்றுகொண்டு, "கெர்ட்ரூட், நீ உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று கேட்பாராம். அந்த ஊரில் கெர்ட்ரூட் என்பது பல் போன கிழவிகளின் பெயர். பதினெட்டு வயதுக் கறுப்புப் பெண் அந்தப் பெயரைச் சொன்னபோது, வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று அவளிடமே விசாரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. 'என் பொறுப்பில் பதினொரு பேர். எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் காலில் வீக்கம்' என்று எழுதினார். சவரிநாதன் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். வீக்கக்காரருக்காக ஒரு ஞாயிறு செபமும் நடந்தது.

குட்டு 1981இல் விமான நிலையத்தில் உடைந்தது. கெர்ட்ரூட் இடுப்பில் எதையோ கம்பளியால் சுற்றி அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அய்யோ, புள்ளையோட வந்துட்டாளே!" என்று அழைத்துப்போக வந்திருந்த ஆலிஸ் அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கம்பளியை விலக்கினால் சேணம். அத்தைக்கு உயிர் வந்தது. சவரிநாதனுக்குத்தான் போயிற்று. குனிந்து அந்தத் தோலை முகர்ந்து பார்த்தார்.

பந்தயத்தில் எட்டாவதாக வருவதைக் கொள்கையாகவே வைத்திருந்த ஒரு குதிரையைக் கழித்துக் கட்டப் போனார்கள். கெர்ட்ரூட் அதைக் கேட்டு வாங்கினார். பந்தயப் பட்டியலில் அதன் பெயர் 'கிந்தா இடி'. வீட்டில் ராஜு. ரப்பர் காயவைத்து இப்போது மூடிக் கிடந்த தோட்டத்துப் புகைக்கூடம் ராஜுவின் லாயமாகி, பழைய பந்துத் திடல் சவாரிக்களம் ஆயிற்று. திடலைச் சுற்றி மண்ணெண்ணெய்த் தகரங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து எழுதியிருக்கிறார். எழுத்துகள் வரிசையாக இல்லை. ஏன் என்று கேட்டால், ஜெர்மனியிலேயே யாருக்கும் தெரியாதாம்.

அவர் கற்று வந்ததற்கு டிரெஸாஜ் என்று பெயர். குதிரை ஓடுவதுமில்லை, தாண்டுவதுமில்லை. சவாரி செய்பவர் சத்தமில்லாமல் கேட்டதை, கேட்ட தகரத்துக்கு நேரே, கேட்ட காலை எடுத்து வைத்துச் செய்ய வேண்டும். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். ஆரம்பத்தில் நடுவருக்கு ஒரு வணக்கம்: கடிவாளத்தை இடக்கையில் பிடித்து, வலக்கையைத் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்த வேண்டும். முடிவிலும் அதே வணக்கம். அது இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்ததாகவே கணக்கில்லை.

"குதிரன்னா ஓடணும்லா" என்பது சவரிநாதனின் கட்சி. "மெதுவா நடக்கிறதுக்கு எதுக்கு ஜெர்மனி? இங்கயே நடக்கலாமே."

"ஒரு தடவ வந்து பாருங்கப்பா. ஒரே ஒரு தடவ."

"பாத்துப் பாத்துத்தானே கண்ணு போச்சு."

இரண்டு வருஷம் இப்படியே போனது. 1983இல் ஈப்போவின் சவாரிச் சங்கம் அதே திடலில் ஒரு போட்டி வைத்தது. தேறுகிறவருக்குச் சங்கத்தின் பயிற்றுநர் வேலை. சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடுவராக வந்தார். அவருக்குத்தான் அந்தப் பிரம்பு நாற்காலி. ஒன்பது வருஷமாக எதற்காக உடம்பை ஒடித்தாரோ, அதைக் காட்ட கெர்ட்ரூட்டுக்கு ஏழு நிமிஷம் கிடைத்தது. வேலையைவிடப் பெரிய விஷயம் வேலியோரம் நின்றது. ஈஸ்டருக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு சவரிநாதன் வந்திருந்தார்.

முதல் வணக்கம் ஆயிற்று. நடை ஆயிற்று. ஐந்தாவது நிமிஷம் ராஜு குறுக்குநடை எடுத்தான். முன்னாலும் பக்கவாட்டிலுமாக ஒரே நேரத்தில், ஒரு கால் மற்றதைத் தாண்டிப் பின்னிப் பின்னிப் போகும் நடை அது. வாயில் வெள்ளை நுரை ததும்பியது. கடிவாளத்தை மென்று குதிரை நிம்மதியாக இருந்தால் நுரை வரும். நடுவர்கள் பார்த்து மகிழ்கிற நுரை.

ஆனால் சவரிநாதன் சின்ன வயதில் இதே தோட்டத்தில் வேறொன்றைப் பார்த்திருக்கிறார். லாலான் களைப்புல்லுக்கு விஷ மருந்தடித்த மறுநாள் அவர் வீட்டுப் பசு, வாயில் நுரையோடு, கால்கள் பின்னிப் பின்னிப் பக்கவாட்டில் தள்ளாடிப் போய், தண்ணீர்க் குழாயடியில் விழுந்து செத்தது. போட்டிக்காகத் திடலோரப் புல்லுக்கு முந்தாநாள்தான் மருந்தடித்திருந்தார்கள். புல் கருகியிருந்ததையும் அவர் வரும்போதே பார்த்திருந்தார்.

"எறங்கு பிள்ள! எறங்கு! ராஜு மருந்துப் புல்லத் தின்னுட்டான்!"

அறுபத்தைந்து வயதுக்காரர் வேலியைத் தாண்டிய விதத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். கோட்டோடு மண்டியிட்டு வயிற்றில் காதை வைத்தார்.

"சத்தம் போடுது" என்றார் கடைசியில். "நல்லாத்தான் இருக்கான்."

சங்கச் செயலாளர் ஸ்கந்தராஜா வந்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ரயில் தாமதமாக வந்தாலும் அவர் தாமதமாக வந்ததில்லை. கையில் விதிப் புத்தகம் இருந்தது. முகத்தில் உண்மையான துக்கமும் இருந்தது.

"தங்கச்சி, வெளியாள் உதவி செய்தால் போட்டியிலை இருந்து நீக்கம். நான் என்ன செய்யிறது, விதி எண்டால் விதிதானே."

"நான் வெளியாள் இல்லைங்க" என்றார் சவரிநாதன், இன்னும் மண்டியிட்டபடி. "அப்பன்."

ஸ்கந்தராஜா நேர்மையான மனிதர். புத்தகத்தை இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டித் தேடிப் பார்த்தார். "அப்பா எண்டு தனியா ஒண்டும் போடேல்லை" என்றார்.

வேலை ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணிக்குப் போனது. நடுவர் அம்மாள் மட்டும் புறப்படுமுன் ராஜுவிடம் வந்தார். குறுக்குநடைக்கு எட்டு போட்டிருந்ததாகச் சொன்னார். "கடைசி வணக்கம் மட்டும் நீ எனக்குத் தர வேண்டும். அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று கையைக் குலுக்கினார். அடுத்த வருஷம் போட்டி நடக்கவில்லை. அவரும் தன் நாட்டுக்கே போய்விட்டார். கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் தவறாமல் வருகிறது, 'இன்னும் வரவில்லையே' என்ற ஒரு வரியோடு. அட்டைகள் இரண்டும் வீட்டில் மாட்டிய திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கூடவே மதிப்பெண் தாளும். அதில் கடைசிக் கட்டம் காலி.

அதனால்தான் நாற்காலி. தினமும் மொத்த ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடி, கடைசியில் அதன் முன் வந்து நிற்கிறார். அதோடு சரி.

"போட்டுவிடவேண்டியதுதானே வணக்கத்தை" என்று கேட்டால், "சும்மா நாற்காலிக்கா? ஆளுக்குக் குடுக்க வேண்டியத மேச நாற்காலிக்குக் குடுத்தா தீந்துருமா?" என்கிறார். நடுவருக்குப் பதிலாக அப்பாவை உட்கார வைக்கலாமே என்றும் கேட்கப்பட்டது. பக்கத்தில் வாளியோடு நின்ற சவரிநாதன் முந்திக்கொண்டார்.

"கெடுத்தவனே ஒக்காந்து வாங்கிக்கவா? நல்ல கதையா இருக்கே!"

போட்டி நடந்த அன்று முதல் அவர் ஒருநாளும் திடலுக்கு வரத் தவறியதில்லை. கப்சாயின் பின்னால் உட்கார்ந்து வருகிறார், கையில் குடையோடு. மகளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. மகள் திட்டியதும் இல்லை. ராஜுவை மேயவிடுமுன் புல்லை முகர்ந்து பார்க்கிறார். குறுக்குநடை வரும்போது மட்டும், நல்ல நடை என்று தெரிந்துமே, அவர் கை வேலியை இறுகப் பிடிக்கிறது. திடல் வீடமைப்புக்கு விற்றாயிற்று; சிவப்புத் துணி கட்டிய அளவைக் குச்சிகள் திடலின் நடுப்பகுதி வரைக்கும் வந்துவிட்டன. நடுக்கோட்டில் நிற்கிற ஒரு குச்சியை சவரிநாதன் தினமும் பிடுங்கி வைத்துவிட்டு, சவாரி முடிந்ததும் அதே குழியில் ஊன்றுகிறார். அளவையாளருக்கு இதுவரை குறையில்லை.

கடந்த சனிக்கிழமை சவாரி பாதியில் இருக்கும்போது மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. இருளாயி கடைக்குள் இருந்து கத்தினார்: "அண்ணே, நனையாதீங்க, உள்ள வாங்க!"

கெர்ட்ரூட் நிறுத்தவில்லை. ஐந்தாவது நிமிஷத்துக் குறுக்குநடை சேற்றிலும் பிசகவில்லை. நடுக்கோட்டில் திரும்பி, நேரே வந்து, ராஜுவை நான்கு காலில் நிறுத்தினார். கடிவாளம் இடக்கைக்குப் போனது. வலக்கை கீழே இறங்கி, பாதி வழியில் மனம் மாறி, நனைந்த கழுத்தைத் தட்டிக் கொடுத்தது. "ப்ராஃப்."

எதிரே சவரிநாதன் தலையிலிருந்து தண்ணீர் ஒழுக நின்றார். கையை எட்ட நீட்டி, குடையை நாற்காலிக்குப் பிடித்திருந்தார்.