கயிறு மட்டும் தரவில்லை

இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஸ்கிப்பிங் கயிறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெள்ளைக்காரத் துரையின் மகளுடையது. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலும் ஒரு கயிறு உண்டு, மாடு கட்டுவது. அதைக் கையில் எடுத்ததுமே அம்மா பாய்ந்து வந்தாள்.

"அடியே, மாட்டுக் கயித்த தாண்டுவியா? பால் வத்திப்போச்சுன்னா நீயா குடுப்ப?"

ஆகவே கயிறில்லாமலே கற்றுக்கொண்டேன். புல் அறுக்கிற சாக்கில் பங்களா வேலியோரம் நின்று அந்தப் பெண்ணின் கால்களையே பார்ப்பேன். உயரக் குதிக்கக் கூடாது. குதிகால் தரையில் படாமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முன்பாதத்தில் இறங்க வேண்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டி மணிக்கட்டை மட்டும் சுழற்ற வேண்டும். அது பழகியதும், ஓடுகிற மாதிரி கால் மாற்றிக் குதிக்கலாம். லயத்து வாசலில் நான் குதிப்பதைப் பார்த்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கயிறு ஒருநாள் என் கைக்கும் வரும் என்று நம்பினேன்.

வேலியோரம் நான் குதித்ததைத் துரையின் மனைவி, துரைசாணி, ஒருநாள் பார்த்துவிட்டாள். பங்களாச் சமையல்காரர் வந்து கூப்பிட்டதும், கயிறு தரத்தான் என்று ஓடினேன். புல்தரையில் விருந்தாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறில்லாமல் குதிக்கச் சொன்னார்கள். குதித்தேன், கை தட்டினார்கள். அதன்பின் விருந்தாளிகள் வரும்போதெல்லாம் ஆள் வரும். கயிறோ நாற்காலி முதுகில் சும்மா தொங்கும். துரைமகள் அதைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அவளுக்குச் சைக்கிள் வந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் சமையல்காரரிடம் கேட்டேன். "மாமா, ஒரே ஒரு தடவ அந்தக் கயித்தோட குதிச்சுக்கிறேன்னு சொல்லுங்க."

அவர் இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி ஏதோ பதில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"கயித்தோட யாரு வேணும்னாலும் குதிப்பாங்களாம் புள்ள. அதுல பாக்க என்ன இருக்குன்னு கேக்குறாங்க. நீ எப்பவும் போல குதி."

வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. மாட்டேன் என்று நின்றிருப்பேன். ஆனால் அப்பா அந்தத் துரையிடம்தான் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். குதித்தேன்.

முடிந்ததும் துரைசாணி ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து மறுபடியும் கை தட்டினார்கள்.