‘கல்லின் கனம்’ பாடியவள்

கூடத்திலிருந்து அவளுடைய குரல் கேட்டது. அவளோ சமையலறையில் வாயை இறுக மூடிக்கொண்டு தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய பாறையொன்றைத் தரையோடு தரையாக இழுத்துப்போவது போன்ற உறுமல். ஒரு சொல் முடிவதற்குள் ஒரு முழு மூச்சும் தீர்ந்துபோகும். ஒலிபெருக்கி அதிர்ந்ததில் தட்டிலிருந்த கரண்டிகள்கூடக் கிணுகிணுத்தன.

“அண்ணி, கேக்குதா? உள்ள உங்களைத்தான் புகழ்றாங்க. எங்கண்ணன் தலையாட்டி வாங்கிக்கிறான்” என்றாள் நாத்தனார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாக்கு மட்டும் கசப்பு மாத்திரை.

“மெதுவாப் பேசேன்.”

“நீங்க மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்த லட்சணத்துல இருக்கோம்.”

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதானே அவளுடைய பிழைப்பு! துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில் பதினொரு வருடம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் “புரியுது சார், மன்னிக்கணும் மேடம்” என்று சொல்ல வேண்டும். எரிமலையாய்க் கொதித்து வருபவர்களும் அந்தக் குரலைக் கேட்டால் அடங்கிப்போவார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் பஞ்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பஞ்சு மாலையில் வீடு திரும்பி, படுக்கையறை மர அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு உறுமுவாள் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

எல்லாம் அவள் கணவனால் வந்தது. அவனை இசைக்குழுவில் இடி என்பார்கள். குழுவின் பெயர் நிலச்சரிவு. அவர்கள் வாசிப்பது டூம் மெட்டல். கிடார் கம்பிகளைத் தளர்த்தி, சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கி, சவ ஊர்வலத்தைவிட மெதுவாக வாசிக்கும் இசை. ஒரு பாட்டு பதினேழு நிமிடம் போகும். “உங்க பாட்டு முடியறதுக்குள்ள உருளைக்கிழங்கு வெந்து, ஆறி, தோலும் உரிச்சிடலாம்” என்பாள் நாத்தனார். ஆனால் பஞ்சுவுக்கு அந்த இசை பிடித்தது. உலகத்தில் எல்லோரும் அவசரப்படுத்தும்போது, யாருக்காகவும் அவசரப்படாத ஒன்று அது மட்டும்தான் என்று தோன்றியது.

முதல் ஆல்பம் ‘ஈய மழை’. அதில் பாடியது இடியேதான். பாடினான் என்பதைவிடத் தொண்டையைக் கிழித்துக்கொண்டான் என்பதே சரி. ஒரு நாள் காலையில் எழுந்தபோது குரல் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்தபிறகு காய்ந்த சருகு உரசுவதுபோலக் கொஞ்சம் திரும்பி வந்தது. பாடும் குரல் வரவேயில்லை.

“தொண்டையை நசுக்கக் கூடாதுங்க. வயித்துலேர்ந்து காத்து வரணும். கொட்டாவி விடுற மாதிரி உள்ள இடம் கொடுங்க” என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மருத்துவக் கோப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

இரண்டு வருடம் அவன் பாட்டெழுதிக் குவித்தான். பாட ஆளில்லை. டிரம்ஸ்காரருக்கு வரி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, வெறும் அடையாளத்துக்கு, “நான் வேணா சொல்லட்டுமாங்க?” என்று கேட்டாள். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று அலமாரிக்குள் மெத்தைகளை ஆணியடித்துப் பொருத்தி, அதற்குள் நின்று பாடினாள். வெளியே தலையணையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரர் மூன்றாவது வரியில் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். “அம்மாடி, இது எங்கேயிருந்தும்மா வருது?” என்றார்.

அதுதான் ‘கல்லின் கனம்’. சி.டி. உறையில் ‘குரல்: இடி’ என்று அச்சாயிற்று. அப்படிப் போடச் சொன்னது யார் தெரியுமா? அவளேதான்! குரல் போனதிலிருந்து கண்ணாடி முன் நிற்கவே கூசிய மனிதன் அவன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க பேரே இருக்கட்டும்” என்றாள். தன் கையாலேயே தனக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டாள் பேதை.

இன்றைக்கு அந்த ஆல்பத்தைத் தேடிக்கொண்டு ஓர் அம்மாள் வந்திருக்கிறார். இசைத்தட்டு வெளியிடும் கம்பெனியின் முதலாளி. நரைத்த கிராப்பு, ஆண்பிள்ளைச் சட்டை, தோளில் பெரிய தோல்பை. ‘கல்லின் கனம்’ பழைய மாதிரிக் கறுப்பு இசைத்தட்டாக வர வேண்டும், பன்னிரண்டு ஊர்களில் மேடை ஏற வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு வந்திருந்தார்.

பாட்டு நின்றது. அவருடைய குரல் கணீரென்று கேட்டது.

“ஒரே ஒரு விஷயம். போன தடவை ஒரு குழுவை மேடையேத்தினேன். ஆல்பத்துல சிங்கம், மேடையில பூனைக்குட்டி. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. அதனால நீங்க ஒரு பாட்டு இப்பப் பாடிக் காட்டணும்.”

“இப்பவா?”

“பேசுற குரலைப் பார்த்தா எல்லாத்தையும் பாட்டுலயே செலவழிச்சுட்டீங்க போல!” அம்மாள் சிரித்தார்.

அடுத்த நிமிடம் இடி சமையலறையில் நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை.

“அலமாரிக்குள்ள போயிடு. நான் ரூம் கதவைச் சாத்திக்கிறேன். நான் எப்பவும் அதுக்குள்ளதான் பாடுவேன்னு சொல்லிட்டேன்.”

“தெரிஞ்சுபோச்சுன்னா?”

“தெரியாது. எனக்காக. இந்த ஒரு தடவை.”

“அப்போ பன்னெண்டு ஊருக்கும் அலமாரியைத் தலையில தூக்கிட்டுப் போவியா அண்ணா?” என்றாள் நாத்தனார்.

“நீ வாயை மூடு.”

“இந்த வீட்ல எல்லாருக்கும் அதைத்தானே சொல்ற.”

மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பஞ்சு கூடத்தைக் கடந்தாள். படுக்கையறைக்கு அப்பால் துணி உலர்த்தும் பால்கனி உண்டு. அங்கே போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“நீங்கதான் வீட்டம்மாவா? உங்க வீட்டுக்காரர் குரலைக் கேட்டுட்டு ஒரு வாரம் நான் தூங்கலம்மா” என்றார் வந்தவர்.

“சந்தோஷங்க” என்றாள். ஐயோ, அந்தச் சொல்லைச் சொல்ல அவள் நெஞ்சு என்ன பாடு பட்டதோ!

அலமாரிக்குள் அந்துருண்டை நெடி. இருபுறமும் மெத்தை தோளை அழுத்தியது. காலை அகட்டக்கூட இடமில்லை. அறைக்கதவு சாத்தப்பட்டது. கிடார் இசை மட்டும் பதிவிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அவள் வயிற்றில் காற்றை நிரப்பினாள். கொட்டாவிபோல உள்ளே இடம் கொடுத்தாள்.

பாடினாள். பதினொரு வருடமாக விழுங்கிய மன்னிப்புகள் எல்லாம் அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்ததுபோலப் பாடினாள். இருட்டில் தன் கைகூடத் தெரியாத அந்தப் பெட்டிக்குள், அவள் குரல் மட்டும் மலையளவு நின்றது.

நடுவில்தான் அது நடந்தது. பலகைக்கு அப்பால் நின்றிருந்த இடிக்கு இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமலா? அறுத்த தொண்டையின் இருமல்; தொடங்கினால் நிற்காது. அவன் இருமுகிறான், குரலும் உறுமுகிறது. ஒரே மனிதன் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியுமா?

அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கூடத்திலிருந்தவரும் பாட்டு முழுவதும் முடியும்வரை அசையவில்லை. பிறகுதான் கதவைத் தட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இருமலில் குனிந்திருந்தவனைத் தாண்டி நேரே அலமாரியிடம் போனார்.

“வெளிய வாங்கம்மா. மூச்சு முட்டப் போவுது.”

பஞ்சு வெளியே வந்தாள். தலையில் மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“பாட்டெல்லாம் என்னுது” என்றான் இடி. “ஒவ்வொரு வரியும் நான் எழுதினது.”

“யாரு இல்லேன்னா? குரல் யாருதுன்னுதான் கேக்குறேன்.”

இடிதான் மெல்லத் தொடங்கினான்.

“மேடம், ஒரு வழி இருக்கு. கறுப்புத் துணியால முகத்தை மூடிக்கிட்டு இவ மேடையில நிக்கட்டும். பேரு என் பேராவே இருக்கட்டும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.”

அம்மாள் யோசித்தார். “முகமூடி ஒண்ணும் புதுசில்ல. இந்த இசையில பாதிப்பேர் மூடிக்கிட்டுத்தான் நிக்கிறாங்க. எனக்கு மேடையில அந்தக் குரல் வந்தாப் போதும். அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சரி.”

அறை வாசலில் வந்து நின்றிருந்த நாத்தனாரோடு சேர்த்து மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு ஊர்! தன் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் பஸ்ஸில் போய்வந்ததைத் தவிர அவள் கண்டது என்ன? ஆனால் அந்தப் பன்னிரண்டு ஊரிலும் கைதட்டல் அவள் காதுக்கு வரும்போது அவனுடைய பெயரோடுதான் வரும். இருபுறமும் எரிகிற கொள்ளிக்கட்டையின் நடுவே மாட்டிய எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

“மன்னிக்கணும் மேடம்” என்றாள், பழக்கதோஷத்தில். பிறகு, “மூடிக்கிட்டுப் பாட மாட்டேன். என் பேரைப் போட்டா வரேன்.”

“என்னடி பேசுற?” இடியின் குரல் கிறீச்சிட்டது.

“பாட்டு, இசை எல்லாம் உங்க பேர்லயே இருக்கட்டும். குரலுக்கு மட்டும் என் பேரு.”

“ஊர்ல கேக்க மாட்டாங்களா? அப்போ நீ யாருடான்னு கேக்க மாட்டாங்களா? உன் பேரைப் போட்டா என் பாட்டுல ஒண்ணைக்கூடத் தர மாட்டேன்.”

“அண்ணா...” என்றாள் நாத்தனார் வாசலில் நின்றபடி. முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பஞ்சு பார்த்தாள். ஓடிப்போய் அந்தத் தலையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போனாளானால், இன்னொரு முறையும் “உங்க பேரே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுவாள். அதனால் அசையாமல் நின்றாள்.

“பாட்டு அவர்கிட்ட இருக்கு, குரல் உங்ககிட்ட இருக்கு” என்றார் அம்மாள். “ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை வெச்சு நான் என்ன பண்றது?” சற்று நேரம் காத்துப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத் தாள்களை எடுத்துத் தோல்பைக்குள் வைத்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பஞ்சு மட்டும் கூட வந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கவா? இதுக்கு முன்னாடி வெளியாளுக்கு நேர்ல பாடியிருக்கீங்களாம்மா?”

“இல்லீங்க. நீங்கதான் முதல்.”

அம்மாள் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார். மூன்று மாடியும் இறங்கித் தெருவில் கலக்கும்வரை செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

“போயிட்டாங்களா?” என்று உள்ளிருந்து கேட்டான் இடி.

“ம்.”

வாசற்கதவு மழையில் ஊதிப்போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் அவள் அதைச் சாத்த வேண்டியிருந்தது.