துடைக்காத ஒரு சாண்

எங்கள் பணிமனையில் அவரை எல்லோரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். தன் வாளியை யாருக்கும் இரவல் தரமாட்டார், கேட்டால் முறைப்பார். அப்படி வந்த பெயர். பேருந்துகளைக் கழுவித் துடைப்பது அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. நான் அங்கே டைம் கீப்பர். வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று எழுதுபவன். வண்டிக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

அழுக்கை வைத்தே சொல்லிவிடுவார். புதிய மாடி பஸ்கள் பன்னிரண்டு வந்தபோது மெத்தை இருக்கை, ஏசி, போனுக்கு சார்ஜ் என்று ஊரெல்லாம் விளம்பரம். அக்கா ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மேல முன்சீட்டுக் கண்ணாடி பூரா மூக்குத் தடம். பெரியவங்க மூக்கும் இருக்கு. அந்த சீட்டு ஜோரு. பின்னாடி ஏசி ஓட்டையில டிக்கெட்டைச் சுருட்டித் திணிச்சிருக்காங்க, பிடரியில குளிர் அடிக்குதுபோல. அதுகூடப் பரவாயில்ல. படிக்கட்டுதான் சரியில்ல."

மாடியிலிருந்து இறங்கும் படி வளைகிற இடத்தில் கைப்பிடிக் கம்பி ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிடும். அங்கே வெள்ளைச் சுவரில் தினமும் உள்ளங்கைத் தடங்கள். பெரிய கை, சின்னக் கை, எல்லாம் ஒரே இடத்தில். வண்டி திரும்பும்போது ஆட்கள் தடுமாறுகிறார்கள், பிடிக்க ஒன்றும் இல்லாமல் சுவரில் கை வைக்கிறார்கள் என்றார் அக்கா.

பொறியாளரிடமும் சொன்னார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தை நம்புகிற ஆள். காலையில் கழுவி நிறுத்தியிருந்த வண்டியில் ஏறிப் பார்த்தார். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"எங்கேம்மா கைத்தடம்?" என்றார்.

துடைத்ததே அக்காதான். நாங்கள் சிரித்தோம். நானும்தான், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அக்காவுடைய நாத்தனார் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். அவருக்குத் தையல்கடையில் வேலை; கை ஓடினால்தான் பிழைப்பு.

"மாடி பஸ்ல இறங்கும்போது தடுமாறிட்டேன் அண்ணி. சுவத்துல கை வெச்சேன், வழுக்கிட்டுப் போய்க் கீழ்ப்படியில மடங்கிக்கிச்சு. எந்த மகராசி துடைச்சாளோ, அப்படி ஒரு பளபளப்பு!"

எந்த வண்டி என்று அக்கா கேட்டார். அவர் துடைத்த வண்டிதான். எல்லாவற்றையும் அக்காதான் என்னிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து அந்த வண்டியில் அந்த ஒரு சாண் இடத்தை அவர் துடைக்கவில்லை. மற்றதெல்லாம் பளிச். அந்த இடத்தைச் சுற்றி மட்டும் சாக்பீஸால் ஒரு வட்டம். மேற்பார்வையாளர் தையத்தக்கா என்று குதித்தார்.

"என்னம்மா இது? மேலதிகாரி யாராவது பாத்தா என் மானம் போயிடும்."

"பாக்கணும்னுதான் சார் விட்டிருக்கேன்."

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க, வாங்கிக்கிறேன். துடைக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் மெமோ. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வேறு ஆளை விட்டுத் துடைக்கச் சொன்னார்கள். அக்கா முந்திக்கொண்டு போய், மடியில் வாளியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாரும் ஏறவில்லை. பத்து நாளில் வட்டத்துக்குள் வெள்ளையே தெரியவில்லை.

விசாரணைக்கு அதே பொறியாளர் வந்தார். வட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"கம்பியெல்லாம் விதிப்படிதான் இருக்கு. அவசரமா இறங்கினா கை எங்க வேணா படும்."

"நின்ன வண்டியில அப்படித்தான் சார் தெரியும். இது இப்ப கிளம்பப்போகுது. ஒரே ஒரு ஸ்டாப் மேல உக்காந்து வாங்க. இறங்கும்போது பேசிக்கலாம்."

என்ன நினைத்தாரோ, ஏறினார். அக்காவும் ஏறிக் கீழ்ப்படியில் நின்றுகொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன், அந்த அரைமணி நேரம் யார் பதிவேடு எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். முன்சீட்டில் உட்கார்ந்த பொறியாளர், "நல்லாத்தானே இருக்கு" என்று வேடிக்கை பார்த்தபடி வந்தார். நிறுத்தம் நெருங்கியது. எழுந்து இறங்கினார். வண்டி திரும்பியது. கம்பி முடிந்த இடத்தில் அவர் கை காற்றைத் துழாவி, பட்டென்று சுவரில் விழுந்தது. வட்டத்துக்கு நட்டநடுவில்.

பிறகு கையை எடுத்தார். என்ன தோன்றியதோ, கைக்குட்டையை உருவிச் சுவரைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க சார்" என்றார் அக்கா, கீழ்ப்படியிலிருந்து. "அதுவும் இருக்கட்டும்."

இரண்டு மாதத்தில் பன்னிரண்டு வண்டிக்கும் வளைவு முழுவதும் கம்பி வந்துவிட்டது. மெமோவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட என்று நினைக்கிறேன்.

நாத்தனாரும் கை சரியாகி, மறுபடி மாடியேறிப் போய் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குறை சொன்னாராம்.

"புதுக் கம்பி நல்லா கெட்டியா இருக்கு அண்ணி. ஆனா ஒரே பிசுபிசுப்பு! அதைத் துடைக்க ஒரு ஆள் இல்லையா உங்க டிப்போல?"

இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு படியேறினார்.